கரட்டில் பதினொன்றரை மணி

பாறை மேல் நாய் சரிந்து விழுந்தபோது பாட்டிலில் கால்வாசித் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.

அனுமந்தன்பட்டிக்கு மேற்கே ஒரு மொட்டைக் கரடு. உச்சியில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்று, ஏழு மாத மகிமாவைத் தூக்கிக்கொண்டு ஜெபஷீலாவும் ஜோஷ்வாவும் தேனியிலிருந்து பைக்கில் வந்திருந்தார்கள். கிளம்பவே நேரமாகிவிட்டது. பாதித் தூரத்திலேயே நிழல் தீர்ந்துபோனது.

வைகாசி வெயில். மணி பதினொன்றரை.

ஜெபஷீலா குழந்தையின் முதுகில் கை வைத்தாள். சுட்டது. காலையில் மாட்டிய டயப்பர் இன்னும் காய்ந்தே கிடந்தது. இவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்தவள் இப்போது அழவில்லை.

அழாததுதான் ஜெபஷீலாவுக்குப் பயமாக இருந்தது.

"எறங்கிருவோம்."

ஜோஷ்வா பாட்டிலை நீட்டினான். "நீ குடி. நீ குடிச்சாத்தான் அவளுக்குப் பாலு."

குடித்தாள். அடியில் ஒரு கை தண்ணீர் நின்றது. அதை அவன் நாயின் வாயில் விட்டான். அவள் தடுக்கவில்லை.

நாயால் எழ முடியவில்லை. ஜோஷ்வா சற்று நேரம் அதையே பார்த்தான். பிறகு குனிந்து, ஆட்டைத் தூக்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டான்.

துப்பட்டாவைக் குழந்தைக்குக் கூடாரமாகப் பிடித்தபடி ஜெபஷீலா முன்னால் இறங்கினாள். பின்னால் அவன் சறுக்குவதும் சமாளிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

கரட்டடியில் ஒரு திராட்சைத் தோட்டம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டக்காரர் ஒச்சாண்டி ஓடி வந்தார். பந்தல் நிழலில் சாக்கை விரித்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். துண்டை நனைத்து, டயப்பரைக் கழற்றிவிட்டுக் குழந்தையைத் துடைக்கச் சொன்னார். நாயை இழுத்து வாய்க்காலில் படுக்க வைத்தார்.

மகிமா பால் குடித்தாள். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் குடித்தாள்.

பிறகு ஜோஷ்வா அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் மடி நனைந்தது. சட்டை நனைந்தது. அவன் அசையாமல் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தான். ஜெபஷீலாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

வாய்க்காலில் கிடந்த நாய் எழுந்து உடம்பை உதறியது. எல்லார் மேலும் சேறு.

"இந்த வெயில்ல பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு யாராச்சும் கரட்டுல ஏறுவாகளா?" திட்டிக்கொண்டே ஒச்சாண்டி அவள் மடியில் இரண்டு குலை திராட்சையை வைத்தார். நாயின் தலையைத் தடவினார். "இதுக்குப் பேரு என்ன?"

ஜெபஷீலா ஜோஷ்வாவைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

காலையில் கரட்டடியில் பைக்கை நிறுத்தியபோது, எங்கிருந்தோ வந்து அவர்கள் பின்னாலேயே கரட்டில் ஏறிய நாய் அது.

"இனிமேத்தான் வைக்கணும்ண்ணே," என்றாள் ஜெபஷீலா.