எச்சில் மாத்திரை

கைக்குட்டையைப் பிரித்ததும் லிஸ்பெத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ரொட்டித் துணுக்கும் கோழையுமாக நூல் நூலாய் இழுத்த எச்சிலுக்கு நடுவில், பாதி கரைந்த ஒரு மாத்திரை.

முதியோர் இல்லத்தில் மருந்து கொடுப்பது அவள் வேலை; இது காலையில் அவள் கொடுத்ததுதான். பெயர், மருந்து, அளவு, நேரம் எல்லாம் சரிபார்த்து, தண்ணீர் கொடுத்து, தொண்டை அசைவதைப் பார்த்த பிறகுதான் ஏட்டில் குறித்திருந்தாள்.

“என்ன இது, வெர்னர்?”

“எச்சில்.”

“அது தெரியுது. உள்ள இருக்கறது?”

“அதுவும் என்னோடதுதான். குடு இப்படி.”

எண்பத்தாறு வயது மனிதர், மீன்பிடிப் படகில் முதுகை ஒடித்துக்கொண்டவர். வலி தாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். அப்படிப்பட்டவர் வலி மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைத்துத் துப்புகிறார்! லிஸ்பெத் கையுறையைக் கழற்றி எறிந்து, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்போதும் விரலில் பிசுபிசுப்பு போகாத மாதிரியே இருந்தது.

மாடிப் பொறுப்பாளர் ஊல்லாவிடம் போய்ச் சொன்னாள். மருந்து அலமாரிச் சாவி எப்போதும் ஊல்லாவின் கழுத்தில்தான் தொங்கும்.

“கிழட்டு விஷமம்! நாளையிலேர்ந்து பொடிச்சு ஜாம்ல குழைச்சு ஊட்டிடு.”

“அவருக்குத் தெரியாம மருந்தைக் கலந்து குடுக்கக் கூடாதுங்க. பயிற்சியில முதல் பாடமே அதுதான்.”

“வந்து மூணு வாரம் ஆகல, எனக்குப் பாடம் எடுக்கறியா?” ஊல்லா சிரித்தாள். “எதிர் அறை எல்லினோரைப் பாரு. அதே மாத்திரைதான். நானே என் கையால குடுக்கறேன். தண்ணிகூடக் கேக்காம சப்பிச் சாப்பிட்டுடறா. ஆளைப் பொறுத்து இருக்கு.”

எல்லினோருக்கு எலும்பில் புற்று. முழு அளவு மருந்து போகிறது என்று ஏடு சொன்னது. ஆனாலும் மத்தியானம் ஆனால் அவள் முனகல் தாழ்வாரம் வரை கேட்கும். நோய் முற்றிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் லிஸ்பெத் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, போவதுபோலப் போய்க் கதவோரம் நின்றாள்.

வெர்னர் நடக்கத் துணையாக வைத்திருந்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். நாலு எட்டுக்கு ஒரு முறை நின்று பல்லைக் கடித்தார். தாழ்வாரத்தைக் கடந்து எல்லினோரின் அறைக்குள் நுழைந்தார். வாய்க்குள் விரலை விட்டு மாத்திரையை எடுத்து, கம்பளிச் சட்டையில் ஒரு துடைப்புத் துடைத்து, அவள் நாக்கில் வைத்தார்.

எல்லினோர் முகத்தைச் சுளித்தாள். மேசையில் ஆறிப்போயிருந்த காப்பியைக் குடித்து விழுங்கினாள்.

“சீ!” லிஸ்பெத் பாய்ந்து உள்ளே போனாள். “உங்க வாயில ஊறினதை இவங்களுக்கு ஊட்டறீங்களா? அசிங்கமா இல்ல?”

“அசிங்கந்தான்,” என்றார் வெர்னர். வலியில் நெற்றியில் வியர்வை வழிந்தது. “நீ நின்னு தொண்டையைப் பாத்துக்கிட்டே இருக்கியே, வேற எப்படிக் கொண்டு வர்றது?”

“இவங்களுக்குக் காலையிலேயே முழு அளவும் குடுத்தாச்சு! ரெண்டும் சேந்தா தூக்கத்துலயே மூச்சு நின்னுடும். கொல்லப் பாக்கறீங்களா?”

“குடுத்தாச்சுன்னு உங்க ஏட்டுல இருக்கு. அவ வலிக்கு ஏடு படிக்கத் தெரியலையே.”

“எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?”

“பனி விழ ஆரம்பிச்சதுலேர்ந்து.”

லிஸ்பெத் கணக்குப் போட்டாள். மூன்று மாதம். தினமும் இரண்டு பங்கு! இந்த மெலிந்த உடம்பு எப்போதோ அடங்கியிருக்க வேண்டும். எல்லினோர் தெளிவாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோசிக்க நேரமில்லை. முதலில் டாக்டர், அதற்கு முன் ஊல்லா. அவசர மணியை நோக்கிக் கை நீட்டினாள்.

எலும்பும் தோலுமான ஒரு கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

“ஊல்லாவை மட்டும் கூப்பிடாதேம்மா,” என்றாள் எல்லினோர்.

“ஏன்?”

“இவர் தர்ற மாத்திரை கசக்குது.” அவள் உதட்டை மெல்ல நக்கிக்கொண்டாள். “அவ தர்றது இனிக்குது.”