லேசான சக்கரம்

பட்டு வியாபாரி சந்திரமோகன் தம் ஸ்போர்ட்ஸ் காருக்காக ஒவ்வொரு அலாய் வீலையும் டயரோடு தராசில் ஏற்றச் சொன்னார்.

“இன்னும் லேசா காட்டுப்பா.”

கடைக்கார ஆகாஷ் சிரித்தான். “புடவைய மட்டும் கனமா இருந்தாதான் ஒஸ்தின்னு விக்கிறீங்க. இந்த வயசுல ரேஸுக்குப் போறீங்களா முதலாளி?”

“நாப்பதத் தாண்டி ஓட்டினதே இல்ல. இது குடும்ப கௌரவம். ஜல்தி எடு.”

கடையிலேயே மிக லேசானது வந்தது. சந்திரமோகன் மனைவியைக் கூப்பிட்டார்.

“லீலா, தூக்கிப் பாரு.”

லீலா தூக்கி இறக்கினாள். “இது பரவால்லீங்க. சேத்துப்பட்டு ரோட்டுல பஞ்சரானப்போ கழட்டி மாட்டி என் இடுப்பே போச்சு.”

“நம்ம வீட்டு ஆம்பள நடுரோட்டுல குனிஞ்சா ஊரு என்னா பேசும்?”

“அதான் குடை புடிச்சுகினு நிமிந்து நின்னீங்களே. அந்தக் கைவலி இப்ப தேவலையா?”