திருச்சுழி ரோட்டில் டெஸ்ட் டிரைவ்

“இந்த வண்டியும் வேண்டாங்க. குறுக்கு வலிக்குது.”

பின் சீட்டிலிருந்து ஜெகதீஸ்வரி சொன்னதும், நல்லமுத்துவுக்கு ஸ்டீயரிங்கிலேயே நெற்றியை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஷோரூமிலிருந்து கிளம்பிய வண்டி இன்னும் அருப்புக்கோட்டையைக்கூடத் தாண்டவில்லை.

“உக்காந்த எடம் இன்னும் சூடாகல. அதுக்குள்ள எப்படி வலிக்கும்?”

“வலிக்குதுன்னா வலிக்குது.”

முன் சீட்டில் இருந்த விற்பனையாளர் மதன்குமார் சிரித்த முகத்தைக் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிக்கொண்டு திரும்பினான்.

“அக்கா, இது க்ராஸ்ஓவர். உசரமான வண்டி. குண்டு குழியே தெரியாது.”

“உசரமா இருக்கறதாலதான் வளைவுல ஆடுது. போன வாரம் வந்த நீட்டு வண்டி, அந்த வேகன், ரோட்டைப் புடிச்சு ஓடுச்சு.”

“அப்ப அதையே எடுப்போம்னு அன்னைக்கே சொன்னேன்ல?” என்றார் நல்லமுத்து.

“அது தாழ்வா இருக்கு. நம்ம காட்டுப் பாதையில அடி தட்டும். அப்புறம் மாசம் ஒருக்கா சர்வீசுக்குக் கொண்டுபோய் நிக்கணும்.”

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இதே கூத்து. பாளையம்பட்டியில் விதைக்கடை, நரிக்குடிப் பக்கம் மானாவாரிக் காடு என்று அலைகிற மனிதர் நல்லமுத்து. பழைய கார் நடுவழியில் நின்று நின்று மானத்தை வாங்கியதால் தள்ளிவிட்டார். புது வண்டியில் அவர் கேட்டது இரண்டே விஷயம்தான். ஓட்டும்போது கைக்கு அடங்கி வரவேண்டும். வழியில் நிற்கக் கூடாது.

முதல் வாரம் ஓட்டிய குட்டி க்ராஸ்ஓவர் அவருக்குப் பிடித்திருந்தது. பின் சீட்டுக்கு ஏசி காற்று வரவில்லை என்று ஜெகதீஸ்வரி தட்டிக்கழித்தாள். அடுத்த வாரத்து வேகன் இன்னும் பிடித்தது. விதை மூட்டைகளை அடுக்க டிக்கியில் தாராளமாக இடம் இருந்தது. அதுவும் ஆகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், இப்போது மெக்கானிக் மாதிரி குறை சொல்கிறாள்.

“மதுரை ரோட்ல விட்டுப் பாக்கலாமாண்ணே? காரியாபட்டி வரைக்கும் சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும்” என்றான் மதன்குமார்.

“நல்ல ரோட்ல எந்த வண்டியும் நல்லாத்தான் ஓடும் தம்பி. திருச்சுழி ரோட்டுக்கே விடச் சொல்லுங்க. அங்கதான் வண்டியோட லட்சணம் தெரியும்” என்றாள் ஜெகதீஸ்வரி.

பேச்சு நியாயமாக இருந்ததுதான் நல்லமுத்துவுக்கு இன்னும் எரிச்சல். வண்டியைத் திருப்பினார்.

இருபுறமும் சீமைக்கருவேல மரங்கள். வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஒரு டவுன் பஸ்ஸை முந்தியபோது வண்டி தயங்காமல் பாய்ந்தது. ஸ்டீயரிங் அம்பு மாதிரி நேராக நின்றது. பெரிய பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறியும் தூக்கிப் போடவில்லை.

“இப்பச் சொல்லு” என்றார் பெருமையாக.

“தடதடங்குது.”

“எது?”

“ஏதோ ஒண்ணு.”

“ஏ ஈசுவரி! இவுக ஷோரூம்ல இருக்க வண்டியெல்லாம் முடியப்போகுது. இனிமே உனக்குன்னு ஒரு கம்பெனி தொறந்தாத்தான் உண்டு!”

திருச்சுழிக்குச் சற்று முன்னால், சின்ன ஊர் ஒன்றின் முகப்பில் இருந்த பெட்டிக்கடை அருகே, “இங்கன நிறுத்துங்க” என்றாள்.

“எதுக்கு?”

“ஏறி எறங்கிப் பாக்கணும்ல? முட்டி வலிக்காரிக்கு அதுதான முக்கியம். அப்படியே ஒரு சோடா குடிச்சிட்டு வாரேன்.”

போன இரண்டு வாரமும் இங்கேதான் இறங்கினாள். இறங்கினால் லேசில் வரமாட்டாள். நல்லமுத்து ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதன்குமார் மைலேஜ் சொன்னான், வாரண்டி சொன்னான், உதிரி பாகம் உள்ளூரிலேயே கிடைக்கும் என்றான். சொல்வதற்கு வேறொன்றும் இல்லாமல் போனபிறகும் ஜெகதீஸ்வரி வரவில்லை.

நல்லமுத்து ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார்.

“சோடாவைக் குடிக்கப் போனாளா, காய்ச்சப் போனாளா?”

கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற வேகத்தில் நடந்தார். கடை முன்னால் அவள் இல்லை. பின்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. சுவரோரமாக எட்டிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

வேப்பமரத்து நிழலில் ஜெகதீஸ்வரி ஒரு கைக்குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். “நேரமாச்சுத்தா, அப்பா கத்துவாக” என்று சொன்னாளே தவிர, குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எதிரே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது ப்ரியா. சொந்த இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன அவருடைய ஒரே மகள். எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட அவர் கேட்டதில்லை. அவள் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஜெகதீஸ்வரி மிதிக்கவில்லை, கடைக்குப் பின்னால்தான் நின்றாள்.

நல்லமுத்து சத்தமில்லாமல் திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்தார். கை ஹாரன் பக்கம் போகவில்லை.

“என்னண்ணே, இதையே பேசி முடிச்சிருவமா?” என்று ஆசையோடு கேட்டான் மதன்குமார்.

“இல்லப்பா… ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்குது. அடுத்த ஞாயித்துக்கிழம வேற வண்டி கொண்டா. இதே ரோட்டுலதான் ஓட்டிப் பாக்கணும்.”