கூப்பிட்டவர்களோடு

காப்பகத்திலிருந்து வளர்ப்புப் பராமரிப்புக்காக அழைத்து வந்த அன்றே, நான்கு வயது தர்ஷனா “அம்மா” என்று கூப்பிட்டுவிட்டாள். அந்தச் சொல்லுக்கு வருடக்கணக்காகும் என்று நினைத்திருந்த அமுதவல்லி சமையலறைக்குள் போய் அழுதாள். மறுநாள் கீரை விற்பவளையும் தர்ஷனா அம்மா என்றாள். பிறகு எதிர்வீட்டு டீச்சரை, ஊசி போட்ட நர்ஸை. “பழகினா சரியாயிடும் மேடம்” என்றார் குழந்தைகள் நல அதிகாரி. மழைக்காலமும் முடிந்துவிட்டது.

இன்று பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி “வா கண்ணு” என்றதும், தர்ஷனா போய் அவள் மடியில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள். வீட்டில் அமுதவல்லியின் மீதும் அப்படித்தான் சாய்வாள்.

“உங்க பொண்ணுக்கு வேத்துமுகமே இல்லீங்க. குடுத்து வச்சவங்க.”

“ஆமாங்க” என்றாள் அமுதவல்லி.

பேருந்து வந்ததும் அந்தப் பெண் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தாள். தர்ஷனாவும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

“பாப்பா, நம்ம பஸ் இது இல்ல. இங்க வா.”

குழந்தை நின்றது. பிடித்த விரலை விடவில்லை. இன்னொரு கையை அமுதவல்லியிடம் நீட்டிச் சிரித்தது.

“நீயும் வாம்மா.”