சிரிக்கிற கல்

ஆற்றங்கரைக்குப் போன ஒரு குடும்பம், தண்ணீருக்குள் கிடந்த கூழாங்கல் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தது. பிள்ளை இயற்கையோடு வளரட்டும் என்று அப்பாவுக்கு ஆசை. அலமாரியில், ஒரு சங்குக்குப் பக்கத்தில் கல்லை வைத்தார்.

"என் அடிவயித்துல உளுவை மீனோட முட்டை ஒட்டியிருக்கு. காயுறதுக்குள்ள என்னைத் தண்ணியில போடச் சொல்லு!" என்று கல் கத்தியது.

"நம்ம பேச்சு அவங்களுக்குப் புரியாதுப்பா," என்றது சங்கு.

"புரியிற வரைக்கும் கத்துவேன். தகப்பன் மீன் இரைகூடத் தேடாம மூணு நாளாக் காவல் இருந்துச்சு. அதோட கூரையையே தூக்கிட்டு வந்துட்டாங்க, பாவிங்க!"

அந்த வீட்டுச் சிறுமி யாழிசை கல்லைப் புரட்டினாள். "அப்பா, இதுல குட்டிக் குட்டியா ஏதோ ஒட்டியிருக்கு!"

"பாசியா இருக்கும்டா. பிரஷ் போட்டு நல்லாத் தேய்."

தேய்த்தாள். கழுவினாள். ஈரம் காய்ந்ததும் இரண்டு கண் வைத்து, சிவப்புப் பெயின்டில் காதுவரை நீளும் வாய் ஒன்று வரைந்தாள்.

"அத்தனையும் போச்சே! கொன்னுட்டீங்களே!" என்று கல் அலறியது.

மாலையில் வந்த பக்கத்து வீட்டுக்காரம்மா அதைக் கையில் எடுத்துக் கொஞ்சினார். "அடடே, என்ன சந்தோஷமாச் சிரிக்குது பாருங்க!"

கல்லுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இன்னும் உரக்கக் கத்தியது.

"கத்து," என்றது சங்கு. "நானும் வந்த நாள்லேர்ந்து கத்திக்கிட்டுத்தான் இருக்கேன். காதுல வச்சுக் கேட்டுட்டு, கடல் பாடுதுங்கிறாங்க."