மனசாரச் சொல்லணும்

பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வெளிநாடு போக, திருச்சி விமான நிலையத்தில் ஒரு தனிக் கதவு இருந்தது. கையெழுத்து போதாது. உடன் போகாதவர் அதன் முன்னால் நின்று "சம்மதம்" என்று மனசாரச் சொன்னால்தான் பச்சை விளக்கு எரியும்.

மணிவாசகன் மூன்று முறை சொல்லிவிட்டான். மூன்று முறையும் சிவப்பு.

"வேணும்னே பண்றீங்களா?" என்றாள் சுபாஷிணி. பினாங்கு விமானத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது.

"இல்ல சுபா. லீவு முழுக்க இவ இல்லாம எப்படி இருக்கப் போறேன்னு நினைப்பு வந்துடுது."

பெட்டியின் மேல் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்த மகள் நறுமுகை, "சிரிச்சுக்கிட்டே சொல்லிப் பாருங்கப்பா" என்றாள்.

"பல்லைக் காட்டினா ஏமாறுற மெஷின் இல்லடி இது."

சுபாஷிணி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "சரி, கடைசி வாரம் நீங்களும் வாங்க. பினாங்குல அக்கா வீட்ல மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு."

"சம்மதம்" என்றான். பச்சை எரிந்தது.

கதவு மட்டும் திறக்கவில்லை. அந்த ஒரு வாரம் கோர்ட் உத்தரவில் இல்லாதது, அதற்குத் தாயின் சம்மதமும் வேண்டும் என்றது கதவின் மேலிருந்த திரை.

"சம்மதம்" என்று எங்கோ பார்த்தபடி முணுமுணுத்தாள் சுபாஷிணி.

கதவு திறந்தது.

"அம்மா, உனக்கு முதல் தடவையே திறந்துடுச்சு" என்றாள் நறுமுகை.