பெட்டியின் சாவி

“அன்னிக்குத் தேடினேம்மா, சாவி கிடைக்கல…”

“அரை மணி நேரமா?”

“பூட்டாம வெச்சா பெட்டியை யாராவது தூக்கிட்டு…”

“யாரு தூக்குவா, நெஞ்சு நின்னு போனவனா?”

குடியிருப்பின் கீழ்த்தளத்தில், இதய முதலுதவிப் பெட்டி இருந்த இரும்பு அலமாரிக்கு முன்னால் வத்சலாவும் சங்கச் செயலாளர் கோதண்டராமனும் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு வத்சலாவின் கணவர் விழுந்து இறந்ததும் இதே இடத்தில்தான். அன்று அலமாரி பூட்டியிருந்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்த கோதண்டராமன் அப்படியே சரிந்தார். மூச்சு இல்லை.

“சாவி!” என்றாள் வத்சலா.

“அரைஞாண்ல பாருங்கக்கா! எப்பவும் அங்கதான் முடிஞ்சு வெச்சிருப்பார்!” என்று ஓடி வந்த அவர் மனைவி பங்கஜம் அலறினாள்.

வத்சலாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கயிற்றோடு சாவியை அறுத்தெடுத்தாள். திறந்ததும் பெட்டி, செய்ய வேண்டியதைப் பதிவுக் குரலில் சொல்லத் தொடங்கியது. அது சொன்னபடி, உள்ளிருந்த வட்டத் தகட்டை நடு மார்பில் வைத்து இரு கைகளாலும் அழுத்தினாள்.

“இன்னும் பலமாக,” என்றது பெட்டி.

அழுத்தினாள். உள்ளே ஏதோ மளுக்கென்றது.

“ஐயோ, எலும்பு! மெதுவாக்கா!”

“நானா சொல்றேன்? பெட்டி சொல்லுது.”

“இன்னும் பலமாக.”

அவள் ஆசையாகக் கீழ்ப்படிந்தாள். வியர்வை அவர் முகத்தில் சொட்டியது. கடைசியில் அவருக்கு ஒரு இருமல் வந்தது, கண்கள் பாதி திறந்தன. வத்சலா சாவியை அந்தக் கண்களுக்கு நேரே பிடித்தாள்.

“உங்களை அவ்வளவு சுலபமா விட்டுடுவேனா? சொல்லுங்க சார், அன்னிக்கு இதை எங்கெங்க தேடினீங்க?”